கோட்டோவில் ஒட்டிக்கொண்ட புத்தாண்டு

முடிதிருத்தும் கடையில் தன் முறைக்காகக் காத்திருக்கும் தொகுரா இசாமு, நாற்காலியில் சாய்ந்திருப்பவரின் முழங்கால்களையே பார்த்துக்கொண்டிருக்கிறார். மடியில் சாப்பாட்டுப் பை. பைக்குள் சாப்பாடு இல்லை. உள்ளங்கையளவு ஒலிபெருக்கி ஒன்று இருக்கிறது. கைபேசியை ஒரு தட்டுத் தட்டுகிறார். பைக்குள்ளிருந்து, ஜப்பானியத் தந்தி வாத்தியமான கோட்டோவின் நாதம் மெல்லக் கசிகிறது. சோப்பு நுரைக்குள் அரைத்தூக்கத்தில் கால்களை அகட்டிப் போட்டுக் கிடந்த ஆசாமியின் முழங்கால்கள் இரண்டும் தாமாகவே நகர்ந்து ஒட்டிக்கொள்கின்றன. முதுகு நிமிர்கிறது. கைகள் தொடைமேல் ஒழுங்காக வந்து அமர்கின்றன. சவரக்கத்தி பிடித்தவர் அசைய வேண்டாம் என்று அதட்டுகிறார். இசாமு ஒரு பெருமூச்சோடு கைபேசியை அணைக்கிறார்.

"மறுபடியும் அதானா?" என்று கேட்கிறார் கடைக்காரர்.

"அதேதான்" என்கிறார் இசாமு.

அது என்பது புத்தாண்டு. கிறிஸ்துமஸ் இரவில் மணியோசை அடங்கினால், மறுநாள் காலையிலிருந்து ஜப்பானின் கடைகள், வங்கிகள், பல் மருத்துவமனைகள், ரயில் நிலையக் கழிவறைகள் வரை எல்லா இடத்திலும் கோட்டோதான் ஒலிக்கும். ஜனவரி முதல் வாரம் கழிந்ததும் சுத்தமாக நின்றுவிடும். பிறந்ததிலிருந்து இப்படியே கேட்டு வளர்ந்த காதுக்குக் கோட்டோ ஒரு வாத்தியமே இல்லை, அது ஒரு தேதி. எந்த மாதத்தில் வாசித்தாலும் சரி, நாலாவது ஸ்வரத்துக்குள் கேட்பவர் ஜனவரி ஒன்றாம் தேதிக்குப் போய் நிற்பார். கழுத்து இறுகிய சட்டை, அரிசிப் பணியாரம் மிதக்கும் சூப்பு, மாமனார் முன்னால் மண்டியிட்டு உட்கார்ந்து மரத்துப்போன கால்கள், எல்லாம் வரிசையாக வந்துவிடும்.

அதுவும் இது ஃபுக்குயாமா. கோட்டோ செய்தே பேர் வாங்கிய ஊர். தெருவுக்கு ஒரு பட்டறை இருந்த காலத்திலிருந்து இங்கே பேருந்து ஓட்டுநருக்குக்கூட எந்த மரம் நல்லது என்று தெரியும். இந்த ஊரிலேயே கோட்டோவிலிருந்து புத்தாண்டைக் கழற்ற முடியவில்லை என்பதுதான் இசாமுவின் தீராத எரிச்சல்.

நாற்பத்தாறு வயது. கணினியில் இசை செய்து கொடுப்பது தொழில். மனைவி சிஹாருவின் அப்பா நடத்தி மூடிய மெத்தைக் கடையின் மாடிதான் இசைக்கூடம். விற்காமல் தங்கிப்போன மெத்தைகளைச் சுவர் முழுக்க ஆணியடித்து மாட்டியிருக்கிறார். சத்தம் வெளியே போகாது. வெயில் காலத்தில் காற்றும் உள்ளே வராது. சில மெத்தைகளில் விலைச்சீட்டு இன்னும் தொங்குகிறது. மருந்துக்கடை விளம்பரம், டயர் கடை விளம்பரம், திருமண மண்டப விளம்பரம் என்று எது வந்தாலும் மத்தளமும் அடிநாதமும் கணினியில் செய்து முடித்துவிட்டு, யாரும் கேட்காமலேயே நடுவில் ஒரு கோட்டோ இழையை நுழைத்துவிடுவார். சமைப்பவர் மருந்தைக் குழம்பில் கலந்து குழந்தைக்குக் கொடுப்பதுபோல. வாடிக்கையாளர்கள் குழந்தைகளைவிட உஷார். டயர் கடைக்காரர் முழுசாகக் கேட்டுவிட்டு, புத்தாண்டுத் தள்ளுபடி முடிந்து ஐந்து மாதமாகிறதே என்று திருப்பி அனுப்பினார்.

இலையுதிர் காலம் வந்தால் இவரைத் தேடி ஆட்கள் வருவார்கள். புத்தாண்டு விளம்பரத்துக்குக் கோட்டோ இசை வேண்டும். இந்த ஊரில் இவரைவிட்டால் யார்? இசாமு ஒருத்தருக்கும் செய்து கொடுத்ததில்லை. "ஏற்கெனவே பூட்டிக் கெடக்கற கதவுக்கு நான் வேற எதுக்கு இன்னொரு பூட்டு போடணும்?" என்பார். வந்தவர்கள் பூட்டு எங்கே என்று சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுப் போவார்கள்.

கோட்டோ இசையை அவர் காதலிக்கும் அளவுக்கே அவர் மனைவி வெறுக்கிறார், நியாயமான காரணத்தோடு. சிஹாரு பேரங்காடியில் கல்லாப்பெட்டிக்காரர். தலைக்கு நேர்மேலே ஒலிபெருக்கி. ஆண்டுக் கடைசியில் காலையிலிருந்து சாயங்காலம்வரை ஒரே மெட்டு சுற்றிச் சுற்றி ஓடும். கீழே கீரைக்கட்டையும் மீன் பொட்டலத்தையும் எடுத்து எடுத்து வைத்து, வருகிறவர்களுக்கெல்லாம் குனிந்து குனிந்து, அவருடைய இரண்டு தோள்களும் கோட்டோ கேட்டாலே காதுவரை ஏறிக்கொள்ளும்படி ஆகிவிட்டன. வீட்டில் மாடியிலிருந்து ஒரு நரம்பு அதிர்ந்தால் போதும், கீழே சமையலறையிலிருந்து குரல் வரும்.

"அங்கயும் அது, இங்கயும் அதுவா? நான் எங்கதான் போயி மூச்சு விடறது?"

இசாமு இதற்குக் கோபப்படுவதில்லை. அந்தத் தோள்களைவிட நம்பகமான கருவி அவரிடம் வேறு கிடையாது. யாரிடமும் அவர் அபிப்பிராயம் கேட்பதில்லை. கேட்டால் மரியாதைக்கு நன்றாயிருக்கிறது என்பார்கள். முழங்காலும் தோளும் மரியாதை பார்ப்பதில்லை. அதனால் துணி துவைக்கும் இயந்திரக் கடை, பேருந்து நிறுத்தம், பல் மருத்துவரின் வரவேற்பறை என்று சாப்பாட்டுப் பையோடு போய் உட்காருவார். ஒருமுறை பல் மருத்துவரின் உதவியாளர், பைக்குள் சத்தம் வருகிறது, சாப்பாடு கெட்டுவிட்டதா என்று விசாரித்திருக்கிறார்.

இந்த நிலையில்தான் கமோனோஹாமா கடற்கரைச் சங்கத் தலைவர் ஒகினோ மெத்தைக் கடை மாடி ஏறி வந்தார். காகிதத் தாள்போல் உலர்த்திய கடற்பாசி விற்பவர். பேச ஆரம்பித்தால் அலைக்கு மேலே கேட்கிற குரல், அறைக்குள்ளும் அதே குரல். அடுத்த ஊர்க் கடற்கரையில் நாள்பூரா ஹவாய்ப் பாட்டுப் போட்டுக் கூட்டத்தை இழுக்கிறார்களாம். நம் கரையில் ஒலிபெருக்கி இருக்கிறது, போடப் பாட்டு இல்லை.

"நம்ம ஊருலயே கோட்டோ இருக்கறப்ப நாம எதுக்குத் தம்பி ஹவாய்க்குப் போகணும்? குளிக்க வர்றவன் ஈரத்தோட ஆடணும். அந்த மாதிரி ஒண்ணு பண்ணிக் குடு."

இசாமுவுக்குக் கண் கலங்கிவிட்டது. கோட்டோவும் கோடையும் ஒரே வாக்கியத்தில் வந்ததை அவர் வாழ்க்கையில் முதல்முறையாக வேறொருவர் வாயால் கேட்டார். ஜூலையில் கடல் திறப்பு விழா, கோடைக் கடற்குளியல் தொடங்கும் நாள். அன்றைக்கே பாட்டு ஒலிக்க வேண்டும் என்று பேச்சு.

முதல் பாட்டை ஜூன் மாதம் கடற்கரைக்கே கொண்டுபோய் ஒலிபெருக்கியில் போட்டுப் பார்த்தார்கள். வேகமான மத்தளம், துள்ளும் அடிநாதம், அதன்மேல் கோட்டோ. கோடைக்கடைகளுக்குக் கொட்டகை போட்டுக்கொண்டிருந்த தச்சர்கள் வெற்றுடம்போடு கூரைமேல் இருந்தார்கள். பாட்டு தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் ஒரு தச்சர் சுத்தியலை வைத்துவிட்டு ஏணி வழியாக இறங்கி வந்தார். தொங்கப்போட்டிருந்த சட்டையை எடுத்து மாட்டி, கழுத்துப் பொத்தான்வரை போட்டுக்கொண்டு மறுபடி மேலே ஏறினார். ஒகினோ கால்களைச் சேர்த்து, இடுப்பிலிருந்து குனிந்து, புத்தாண்டு வணக்கமாக, "இந்த வருஷமும் எங்கமேல அன்பு வெச்சுக்கணும்" என்றார். சொல்லி நிமிர்ந்த பிறகுதான் எதிரே கடல் தெரிந்தது. காலில் செருப்பும் மணலும்.

"தம்பி, இப்ப நான் என்ன சொன்னேன்?" என்று கேட்டார். இசாமு கம்பியைச் சுருட்டினார்.

இரண்டாவது பாட்டுக்கு அவர் எந்த இரக்கமும் காட்டவில்லை. கோட்டோ வாசிக்க வருபவர் ஃபுமிகா. ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியில் ஆசிரியை. விடுமுறை நாளில் இசைக்குழுவில் வாசிப்பவர். கற்றுக்குட்டி ஓட்டுநர்கள் பக்கத்தில் உட்கார்ந்து பழகியதால், சுவர் எதிரே ஓடி வந்தாலும் அவர் முகம் மாறாது. எங்கே உட்கார்ந்தாலும், இல்லாத பிரேக்கை இடது கால் மட்டும் தானாக அழுத்தும். அவரை நரம்புகளில் சாப்பாட்டுக் குச்சியால் தட்டச் சொன்னார் இசாமு. நரம்புக்கடியில் துணி வைத்து வாசிக்கச் சொன்னார். பதிவான ஒலியைப் பின்னோக்கித் திருப்பினார். மின்கிட்டார்ப் பெட்டி வழியாகக் கரகரக்க விட்டார். ஒலிபெருக்கியைப் பிளாஸ்டிக் பையில் கட்டிக் குளியல் தொட்டித் தண்ணீரில் மூழ்கடித்து, அங்கிருந்து மறுபடி பதிவு செய்தார்.

"தொகுரா-சான், இது கோட்டோ வாசிக்கறதா, கோட்டோவ விசாரிக்கறதா?" என்றார் ஃபுமிகா. அவருக்கு அதற்குமேல் கோபம் வராது.

ஆனால் வேலை செய்தது. கடற்கரையில் யாரும் சட்டை போடவில்லை. தச்சர்களின் இடுப்பு அசைந்தது. ஒகினோவின் செருப்பு தாளம் போட்டது. பாட்டு முடிந்ததும் அவர் இசாமுவின் தோளில் ஓங்கித் தட்டினார்.

"பிரமாதம் தம்பி. கோட்டோ எப்ப வரும்?"

"வந்துருச்சுங்க."

"எப்ப?"

"மொதல்லேர்ந்து கடைசிவரைக்கும்."

ஒகினோ அவரைப் பரிதாபமாகப் பார்த்தார். கடற்பாசி என்று சொல்லி வெறும் காகிதத்தை விற்றால் வாங்குகிறவன் என்ன சொல்வான் என்று கேட்டார். கேள்வியில் தப்பில்லை. கோட்டோ தெரிந்தால் புத்தாண்டு தெரிகிறது. புத்தாண்டை அழித்தால் கோட்டோவும் கூடவே போய்விடுகிறது. கடல் திறப்புக்குள் சரிப்படவில்லை என்றால் தாங்களும் ஹவாய்ப் பாட்டே போட்டுக்கொள்வதாகச் சொல்லிவிட்டு ஒகினோ, பாகு ஊற்றிய பனிச்சீவல் விற்கும் கடைக்குப் போனார்.

அன்று சாப்பிடும்போது சிஹாரு இன்னொரு செய்தி சொன்னார். அவருடைய பேரங்காடி மேலாளர், வரும் புத்தாண்டுக்குப் புது இசை தேடுகிறாராம். கல்லாப்பெட்டிக்காரரின் கணவரே கோட்டோ இசை செய்கிறவர் என்று தெரிந்து கேட்டுவிட்டிருக்கிறார்.

"கடல் தொறக்கற அன்னைக்கு மத்தியானம் பதில் சொல்றேன்னுட்டேன்" என்றார் சிஹாரு. "உங்க கடற்கரைப் பாட்டு ஓடுச்சுன்னா நான் வாயத் தொறக்கல. ஓடலன்னா நீங்க வாயத் தொறக்கக் கூடாது. என் தலைக்கு மேல கொட்டறத, நீங்களே கொஞ்சம் கேக்கற மாதிரி பண்ணிக் குடுங்க. அதாவது பண்ணலாமில்ல?"

அந்தக் கடைசிக் கேள்வியில் கிண்டல் இல்லை. அதனால்தான் இசாமுவால் மறுக்க முடியவில்லை. சரி என்றார். சொல்லிவிட்டு மாடிக்குப் போய், விலைச்சீட்டு தொங்கும் மெத்தையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு நின்றார். கதவுக்குப் பூட்டுப் போடும் வேலை கடைசியில் தன் கைக்கே வரப்போகிறது.

மூன்றாவது பதிவு மழைக்காலப் புழுக்கத்தில் நடந்தது. மின்விசிறிச் சத்தம் பதிவாகும் என்பதால் அதையும் நிறுத்தியாகிவிட்டது. இம்முறை தந்திரம் எதுவும் இல்லை. கோட்டோவைக் கோட்டோவாகவே வாசிக்கச் சொன்னார். ஃபுமிகா வழக்கம்போல் விரல் கோலத்தை வாயால் ஒருமுறை பாடிப் பார்த்துக்கொண்டார்: கோ..ரோரின், கோ..ரோரின், டென். பிறகு வாசித்தார். இசாமு காதொலிப்பானை மாட்டிக்கொண்டு, மேலாளருக்கு என்ன மெட்டுப் போடுவது என்று யோசிக்கவே ஆரம்பித்துவிட்டார்.

அப்போதுதான் குதிரை விழுந்தது.

கோட்டோவின் பதின்மூன்று நரம்புகளுக்கும் கீழே ஆளுக்கொரு சிறு மரத்தாங்கி நிற்கும், அதற்குத்தான் குதிரை என்று பேர். பசை கிடையாது, ஆணி கிடையாது. நரம்பின் அழுத்தத்தில்தான் நிற்கிறது. குதிரை சாய்ந்தால் நரம்பு தொய்யும், சுருதி படுத்துவிடும். கோட்டோ வாசிப்பவருக்குக் குதிரை விழுவது மேடையில் வேட்டி அவிழ்வதற்குச் சமம். ஃபுமிகா வியர்த்த இடது கையால் நரம்பை அழுத்தி இழுத்த வேகத்தில் ஏழாவது நரம்பின் குதிரை படக்கென்று சாய்ந்தது. நரம்பு தொய்ய்ய்ங் என்று பள்ளத்தில் இறங்கியது. வேறு யாராவதாக இருந்தால் கையை எடுத்திருப்பார்கள். ஃபுமிகாவின் இடது கால் தரையில் இல்லாத பிரேக்கை அழுத்தியது. வலது கை நிற்காமல் வாசித்தது. இடது கை போய்க் குதிரையைத் தூக்கி நிறுத்தியது. நரம்பு அடியிலிருந்து மேலே உய்ய்ய்ங் என்று ஏறி வந்து, சரியாகத் தாளத்தில் போய் உட்கார்ந்தது. பாட்டை முடித்துவிட்டுத்தான் அவர் பேசினார்.

"அழிச்சிடுங்க. இன்னொரு தடவ வாசிக்கறேன்."

இசாமு காதில் வாங்கவில்லை. தன் முழங்கால்களைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டும் அகன்று கிடந்தன.

ஃபுமிகா போன பிறகு அந்தத் துண்டை மத்தளத்தோடு சேர்த்து, மாடிக் கதவைத் திறந்துவைத்து ஓடவிட்டு, சத்தமில்லாமல் படியில் இறங்கி வந்து நின்றார். சிஹாரு முதுகைக் காட்டிக்கொண்டு அரிசி களைந்துகொண்டிருந்தார். கோரோரின் வந்ததும் தோள்கள் காதுக்கு ஏறின. குதிரை விழுந்தது. தோள்கள் தொப்பென்று இறங்கின. மூக்கு வழியாக ஒரு சிரிப்பு வந்தது.

"என்னதுங்க அது? மாடியில யாராச்சும் விழுந்துட்டாங்களா?"

"குதிர விழுந்துச்சு."

சிஹாரு அரிசியிலிருந்து கையை எடுக்காமலே யோசித்தார். "இன்னொரு தடவ விழச் சொல்லுங்க" என்றார்.

மனைவி சிரித்தது போதும்தான்; ஆனால் விழுந்த குதிரை ஃபுமிகாவுடையது. இசாமு பயிற்சிப் பள்ளிக்கே போய், இடைவேளையில் மஞ்சள் பலகை மாட்டிய பயிற்சிக் காரின் பின்சீட்டில் உட்கார்ந்து விஷயத்தைச் சொன்னார். ஃபுமிகா கண்ணாடி வழியாக அவரைப் பார்த்தார். இந்த ஊரில் அது என்ன சத்தம் என்று தெரியாதவர் யார்? பட்டறைக்காரர்கள் வருவார்கள், இசைக்குழுவினர் வருவார்கள். கோடைகாலம் முழுக்க, கடற்கரை முழுக்கத் தன் குதிரை விழும். அடுத்த கச்சேரியில் தனக்குக் கடைசி வரிசைதான் என்றார். பேர் போட வேண்டாம் என்று இசாமு சொல்லிப் பார்த்தார். பேர் போடாவிட்டாலும் கை யாருடையது என்று காது உள்ளவர்களுக்குத் தெரியும் என்று பதில் வந்தது. இருவரும் மைதானத்தில் ஒரு மாணவர் கூம்புகளை ஒவ்வொன்றாகச் சாய்த்துக்கொண்டு போவதைப் பார்த்தார்கள்.

"பாட்டுல எத்தன தடவ விழுது?" என்று திடீரென்று கேட்டார் ஃபுமிகா.

"ஒரு தடவதான்."

"அதான் தப்பு. ஒரு தடவ விழுந்தா எனக்குக் கை தவறிடுச்சுன்னு அர்த்தம். சுத்துக்குச் சுத்து அதே எடத்துல விழுந்துச்சுன்னா, நான் வேணும்னே பண்ணினேன்னு அர்த்தம்." கூம்புகளைக் கைகாட்டினார். "இவன் ஒரு கூம்பச் சாய்ச்சா பாவம்னு விட்டுடுவேன். எல்லாத்தையும் சாய்ச்சா ஏதோ யோசிச்சுத்தான் பண்றான்னு தோணுதில்ல? என் குதிரய நிறுத்தாம விழ வைங்க, தொகுரா-சான்."

வெட்டுவதும் ஒட்டுவதும் திருப்பித் திருப்பி ஓட்டுவதும்தான் இசாமுவின் தொழிலே. இது அவருக்குத் தோன்றவில்லை, ஓட்டுநர் ஆசிரியைக்குத் தோன்றியது. வீடு திரும்பும் வழியெல்லாம் தன்னையே திட்டிக்கொண்டு போனார். பாட்டை அன்றே கட்டி முடித்தார். ஒவ்வொரு சுற்றின் கடைசியிலும், மத்தளம் ஒரு நொடி மூச்சை அடக்கும், குதிரை விழும், நரம்பு எழுந்து வரும், மத்தளம் மறுபடி பாயும்.

கடல் திறப்பு நாளன்று காலை, கடற்கரைக்குப் போன இசாமு, ஒட்டியிருந்த தாளை இரண்டு முறை படித்தார். நிகழ்ச்சி நிரலில் முதலில் ஷிண்டோ பூசாரி. கோடையில் யாரும் மூழ்கிப் போகக்கூடாது என்று அவர் வெள்ளைக் காகிதக் குஞ்சத்தை வீசிப் பிரார்த்தனை செய்து, கடலுக்கு அரிசிமதுவை வார்ப்பார். அது முடிந்த கையோடு பாட்டைப் போடுமாறு ஒகினோ ஏற்பாடு செய்திருந்தார். கைகட்டித் தலைகுனிந்து நிற்கும் கூட்டம், முன்னே பூசாரி, பின்னணியில் கோட்டோ. இதைவிடப் புத்தாண்டாக இன்னொன்று இருக்க முடியுமா? பாட்டைக் கொஞ்சம் தள்ளிப் போடச் சொல்லி ஒகினோவிடம் ஓடினார். பனிச்சீவல் கடைக்கு மின்சாரம் போய்விட்டது என்று ஒகினோ எதிர்ப்பக்கமாக ஓடிக்கொண்டிருந்தார். ஃபுமிகா வந்திருந்தார், தொப்பி, கறுப்புக் கண்ணாடி, முகமூடி மூன்றும் போட்டு, யாருக்கும் தெரியாமல் இருப்பதாக நினைத்துக்கொண்டு, எல்லோருக்கும் தெரியும்படி நின்றார். சிஹாரு விடுப்புப் போட்டுவிட்டு வந்து, கையில் கைபேசியோடு நிழலில் நின்றார். மேலாளர் மத்தியானத்துக்கு முன்பே கூப்பிடக்கூடும்.

பூசாரி கடைசியாக ஒருமுறை குஞ்சத்தை வீசினார். ஒலிபெருக்கி கரகரத்தது. கோ..ரோரின்.

நீச்சலுடையில் நின்ற கூட்டம் முழுவதும் ஒரே நேரத்தில் கால்களைச் சேர்த்துக்கொண்டது. மணலில் அத்தனை குதிகால்களும் ஒட்டும் சத்தம் கேட்டதாக இசாமு பிற்பாடு சத்தியம் செய்தார். தலைகள் இன்னும் கொஞ்சம் தாழ்ந்தன. மிதவை வளையத்தை இடுப்பில் மாட்டியிருந்த ஒரு பெரியவர் கோவிலில் செய்வதுபோல் இரண்டு கைகளையும் தட்டிக் கும்பிட்டார். சிஹாருவின் கைபேசி ஒலித்தது.

குதிரை விழுந்தது.

கடற்கரையே நின்றது. மூன்றாம் வரிசையிலிருந்து பட்டறைக்காரர் ஒருவர், பழக்கதோஷத்தில், "ஏழாவது குதிர விழுந்துருச்சு, நிறுத்துங்கப்பா" என்று கத்தினார். கூட்டம் தலையை நிமிர்த்தி ஒலிபெருக்கிக் கம்பத்தைப் பார்த்தது. மத்தளம் நிற்காமல் அடுத்த சுற்றுக்குப் பாய்ந்தது. ஃபுமிகா கழுத்தைத் தோளுக்குள் இழுத்துக்கொண்டார். இரண்டாம் சுற்றிலும் அதே இடத்தில் குதிரை விழுந்ததும் பட்டறைக்காரர் வாயைத் திறந்து, திறந்தபடியே வைத்துக்கொண்டு, மூன்றாம் சுற்றுக்காகக் காத்திருந்தார். மூன்றாவது முறை விழுந்தபோது அவர்தான் முதலில் சிரித்தவர்.

கரையைத் தாண்டி ஆழத்தில் கட்டியிருந்த மிதவை மேடையின் ஓரத்தில் குதிக்கிற பலகை ஒன்று உண்டு. அதன் நுனியில், விழா எப்போது முடியும் என்று பார்த்துக்கொண்டு ஒரு பருத்த ஆள் நின்றிருந்தார்; காலையிலேயே ஏறிவிட்டு, குதிக்கவும் முடியாமல் இறங்கவும் முடியாமல். நான்காவது சுற்றில் மத்தளம் மூச்சடக்கியபோது அவரும் மூச்சடக்கினார். குதிரை தொய்ய்ய்ங் என்றது. பலகையும் அவருக்குக் கீழே அப்படியே வளைந்தது. நரம்பு எழுந்து ஏறியபோது அவர் காற்றில் இருந்தார். தண்ணீர் இருபுறமும் சிதறியது. கரையிலிருந்தவர்கள் கைதட்டினார்கள். அதற்குப் பிறகு யாரும் சும்மா குதிக்கவில்லை. மிதவை மேடைமேல் வரிசை கட்டி நின்று, தங்கள் சுற்றுக்குக் காத்து, குதிரை விழும்போதுதான் குதித்தார்கள். சீக்கிரம் குதித்தவரைக் கூட்டம் கேலி செய்தது. பூசாரிகூட, மது ஜாடியைக் கையில் வைத்துக்கொண்டே, சுற்று வரும்போதெல்லாம் முட்டியை லேசாக மடக்கினார். ஃபுமிகா முகமூடியை இறக்கித் தாடையில் விட்டுக்கொண்டு, பக்கத்தில் நின்ற பட்டறைக்காரரிடம், அது வேண்டுமென்றே செய்தது என்று இரண்டாவது தடவையாக விளக்கிக்கொண்டிருந்தார்.

சிஹாருவின் கைபேசி மறுபடி ஒலித்தது. பார்த்தார், பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்து மூடினார்.

ஒகினோ மணலை வாரியிறைத்துக்கொண்டு வந்து சேர்ந்தார். மூச்சு வாங்கியது. பனிச்சீவல் கடைக்கு மின்சாரம் வந்துவிட்டது, ஆனால் வாங்க ஆள் இல்லை, அத்தனை பேரும் பலகைக்குப் போய்விட்டார்கள் என்று முறையிட்டார்.

"ஏந்தம்பி, கோட்டோதானே இது? கோட்டோவேதானே? பின்ன எனக்கு ஏன் யார்கிட்டயும் குனியணும்னே தோணல?"

இசாமு காலணிகளை உதறினார். ஒற்றைக் காலில் நின்று ஒரு காலுறையைக் கழற்றினார், பிறகு மற்றதை. இரண்டையும் சுருட்டிக் கால்சட்டைப் பைக்குள் திணித்துக்கொண்டு, முழுக்கைச் சட்டையோடு முழங்கால் தண்ணீரில் இறங்கி நடந்து, ஆழத்தில் நீந்திப் போய் மிதவை மேடையில் ஏறி, பலகைக்குக் காத்திருந்த வரிசையின் கடைசியில் போய் நின்றார்.